விஷ்ணுகிரந்தியும் என் வெர்னியரும்

1. போன வண்டி திரும்பி வந்தது

நர்சரித் தொழிலில் நான் அனுப்பிய முதல் ஆர்டர், அனுப்பிய அன்றே திரும்பி வந்துவிட்டது. காலை ஒன்பது மணிக்கு வெள்ளானூரிலிருந்து திருவேற்காட்டுக்குக் கிளம்பிய குட்டி யானை லோடு வண்டி, பகல் பன்னிரண்டுக்கு அதே டிரைவருடன், அதே நூற்றிருபது செடிக் கவர்களுடன், ஒன்றுகூடக் குறையாமல் எங்கள் கேட்டில் வந்து நின்றது. எண்ணிக்கையில் நான் எப்போதுமே கறார்.

வண்டிக்குப் பின்னால் ஸ்கூட்டரில் டாக்டரம்மா. திருவேற்காட்டில் சின்னதாக ஒரு சித்த மருத்துவமனை நடத்துகிறவர். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் மூலிகைத் தோட்டம் போடப்போகிறார். நாற்பது வகைச் செடி வேண்டும். அதற்கு முன்னால் எங்களைச் சோதித்துப் பார்க்க ஒரே ஒரு வகையைக் கேட்டிருந்தார். அவர் ஹெல்மெட்டைக் கழற்றிய வேகத்திலேயே சோதனையின் ரிசல்ட் எனக்குத் தெரிந்துவிட்டது.

"சார், நான் என்ன செடி கேட்டேன்?"

"விஷ்ணுகிரந்தி மேடம்."

"நீங்க என்ன அனுப்பியிருக்கீங்க?"

"விஷ்ணுகிரந்தி மேடம்."

"இதுதான் விஷ்ணுகிரந்தின்னு உங்களுக்கு யார் சொன்னது?"

கவரில் ஒட்டியிருந்த லேபிள் சொன்னது. அந்த லேபிளை கம்ப்யூட்டரில் அடித்து ஒட்டியது நான்.

"இது அழகுக்கு வைக்கிற வெளிநாட்டுச் செடி. அதே குடும்பம், அதே நீலப் பூ. ஆனா நாங்க மருந்துல சேர்க்கிறது இது இல்ல. நாளைக்கு ஒரு பேஷன்ட் என் தோட்டத்துல பார்த்துட்டு, இதையே பறிச்சு கஷாயம் வெச்சுக் குடிச்சா யார் பதில் சொல்றது? நீங்களா, உங்க லேபிளா?"

அதற்குள் ஓனரம்மா வந்துவிட்டார். மோகனா என்று பெயர். வெள்ளானூரில் தலைமுறை தலைமுறையாக நெல் போட்ட குடும்பம். சுற்றிலும் எல்லாம் பிளாட்டாகிப் போனபின், தன் பங்குக்கு வந்த அரை ஏக்கரில் நர்சரி போட்டுத் தனியாக நிற்கிறவர். டாக்டரம்மா அவரிடம் ஒரே பேச்சாகச் சொன்னார்.

"மாசி மகத்துக்கு முன்னாடி தோட்டம் திறக்கறோம். அதுக்குள்ள சரியான செடியைக் கொடுத்தீங்கன்னா மத்த வகை எல்லாம் உங்ககிட்டதான். இல்லன்னா பூந்தமல்லி ரோட்ல பெரிய நர்சரியில சொல்லிடறேன். எனக்கு நல்ல பேச்சு வேணாம்மா, நல்ல செடி வேணும்."

ஸ்கூட்டர் போனதும் மோகனா என்னைப் பார்த்தார். திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"சார், மாசி மாசம் இந்தச் செடி ரிட்டர்ன் ஆச்சுன்னா, கூடவே நீங்களும் ரிட்டர்ன்."

அப்போது ஆவணி. எனக்கு ஏறக்குறைய ஆறு மாசம் இருந்தது.

2. ரோஜாவுக்கு டவுசர்

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அதனால் நான் எப்படி வந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு வால்வு கம்பெனியில் இருபத்தெட்டு வருடம் குவாலிட்டி இன்ஸ்பெக்டராக இருந்தேன். வேலை சுலபம்: மற்றவர்கள் செய்வார்கள், நான் குறை சொல்வேன். கம்பெனி ஊர் மாறியபோது வி.ஆர்.எஸ். வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்தேன். ஒரு மாதம் வீட்டு இட்லியின் விட்டத்தை அளந்து கருத்துச் சொன்னேன். இரண்டாவது மாதம் என் மனைவியே மோகனாவிடம் பேசி இந்த வேலையை வாங்கிக் கொடுத்துவிட்டார். கம்ப்யூட்டர் தெரிந்த ஆள் தேவை, லேபிள் அடிக்க, டெலிவரி சலான் போட. செடியைப் பற்றி என்ன தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

முதல் நாள் சட்டைப்பையில் வெர்னியரோடு போனேன். மில்லிமீட்டரையும் பங்கு போட்டு அளக்கிற கருவி. பழக்கதோஷம், அது இல்லாமல் சட்டை ஒரு பக்கம் லேசாக இருப்பதுபோலத் தோன்றும். ஒரு ரோஜாச் செடியின் தண்டில் அதை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு குரல்.

"இன்னா நைனா, ரோஜாவுக்கு டவுசர் தைக்கப் போறியா?"

அதுதான் பேபியம்மா. நர்சரியில் களை எடுக்கிறவர், தொட்டி மாற்றுகிறவர், தண்ணீர் விடுகிறவர், எங்கள் எல்லோருக்கும் பெயர் வைக்கிறவர். அன்றிலிருந்து எனக்கு 'இன்ஸ்பெக்டர்' என்று பெயர்.

நான் சும்மா இருக்கவில்லை. ஒரு வாரத்தில் நர்சரி முழுக்கச் சார்ட் ஒட்டினேன். தண்ணீர் சார்ட், எரு சார்ட். கேட்டிலிருந்து ஆபீஸ் வரை வழியின் இரண்டு பக்கமும் செம்மண் சரளை கொட்டியிருக்கும். அதில் என்னென்னவோ முளைத்துக் கிடந்தது. கம்பெனியாக இருந்தால் ஆடிட்டில் மார்க் போய்விடும். எனவே அங்கே பெரிய எழுத்தில் இன்னொரு சார்ட்: 'களை: ஜீரோ. திங்கள்தோறும்.' பேபியம்மா அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "சரி, மொட்டை தானே? அட்ச்சிடலாம்" என்றார். அடித்தும் விட்டார். வாராவாரம் அந்தச் சரளை, திருப்பதி போய் வந்த தலைபோலப் பளபளத்தது. நான் பெருமையோடு டிக் போட்டேன்.

இந்தச் சார்ட்டை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

3. மோதிரம் தொலைத்தவன்

டாக்டரம்மா போகும்போது ஒரு அட்டை கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அதில் காய்ந்த செடி ஒன்றை டேப் போட்டு ஒட்டியிருந்தார். நூல்போன்ற தண்டு, சின்னஞ்சிறு இலைகள், நீலம் வெளுத்துப் போன ஒரு பூ. வெர்னியரை வைத்தேன். பூ ஏழு மில்லிமீட்டர். திரும்பி வந்த செடியின் பூவை அளந்தேன். இருபது. கூடக்குறைய விடுகிற டாலரன்ஸ் எவ்வளவு தாராளமாகக் கொடுத்தாலும் இது அதுவாகாது. இந்த அளவை முதலிலேயே எடுத்திருக்க வேண்டியவன் நான். நாங்கள் செடி வாங்குகிற மொத்தக் கடையில் நீலப் பூவோடு எதைக் கொடுத்தார்களோ அதற்கு லேபிள் அடித்துவிட்டேன். கம்பெனியில் இப்படி ஒருவன் செய்திருந்தால் அவனை நிற்கவைத்துக் கேட்டிருப்பேன்.

சரி, அசல் எங்கே கிடைக்கும்? விசாரித்ததில், காய்ந்த சரளை நிலத்தில் தானாக வளரும் என்றார்கள். ஒரு வரைபடம் போட்டுக்கொண்டேன். பூ ஏழு மில்லிமீட்டர், கூடக்குறைய ஒன்று. தினமும் சாப்பாடு முடித்து இரண்டு மணிக்கு மொபெட்டில் கிளம்புவேன். கம்பெனியில் ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன் எப்போதும் சாப்பாட்டுக்குப் பிறகுதான். காலையில் பேப்பர் வேலை, மத்தியானம் பொருளைப் பார்ப்பது. இருபத்தெட்டு வருட ஒழுங்கு அது.

வெள்ளானூர் ஏரிக்கரையில் குனிந்தபடி நடந்தேன். சேக்காட்டில் ரயில்பாதை ஓரத்துச் சரளையில் தேடினேன். மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் அரைமணி நேரம் என்னையே பார்த்துவிட்டுக் கேட்டார்:

"மோதிரம் எதனா தொலைச்சிட்டியா சார்?"

"இல்லப்பா, பூ."

அவர் மாட்டைக் கொஞ்சம் தள்ளிக் கட்டிக்கொண்டார்.

இன்னொரு நாள், புதிதாகப் பிளாட் போட்டிருந்த இடத்தில் ஒரு காவலாளி கம்போடு ஓடிவந்தார். "யார் நீ? இன்னா அளந்துகினு கீற? இது பட்டா நெலம், கோர்ட்ல கேஸு கீது, அளக்கக் கூடாது!" என் கையில் இருந்தது ஆறங்குல வெர்னியர். அதை வைத்து ஒரு கிரவுண்டு அளக்க வேண்டுமென்றால் என் பேரன் வந்துதான் முடிக்க வேண்டும். இதை அவருக்கு விளக்குவதைவிட ஓடிவிடுவது எளிதாக இருந்தது.

ஒன்பது நாள் தேடினேன். ஒரு நீலப் பூகூடக் கண்ணில் படவில்லை. பத்தாவது நாள் அட்டையை மேஜைமேல் போட்டுவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் குடிக்க வந்த பேபியம்மா அட்டையை எடுத்துப் பார்த்தார்.

"இத்தயா தேடிகினு கீற?"

"ஆமாம்மா. ஏரி, ரயில்பாதை, எங்கயும் இல்ல."

"எப்ப போன?"

"சாப்ட்டுட்டு, ரெண்டு மணிக்கு."

பேபியம்மா சிரித்த சிரிப்பில் சொம்புத் தண்ணீர் பாதி என் சட்டையில்.

"அட இன்ஸ்பெக்டரே! இது வெயிலு ஏறச்சொல்ல தொறக்கும், நான் சோறு துன்ன குந்தறதுக்குள்ள மூடிக்கும். நீ துன்ட்டு, ஏப்பம் உட்டு, பொறவு போனா? அது உனுக்கோசரம் முய்ச்சிகினு இருக்குமா? பூ இல்லாங்காட்டி இது வெறும் புல்லு மேரி தான் தெரியும். நீ அது மேலயே மிதிச்சிகினு போயிருப்ப."

"சரிம்மா, அது எங்க கிடைக்கும்? உங்களுக்குத் தெரியுமா?"

"எங்கயா? நம்ம கேட்டாண்ட. வாராவாரம் நான் தான் புடுங்கி குப்பைல போட்டுகினு கீறேன். நீ தான எய்தி ஒட்டி வெச்ச, களை ஜீரோன்னு?"

நான் ஓடினேன். என் வயதில் அப்படி ஓடக்கூடாது. கேட்டருகே செம்மண் சரளை வழுவழுவென்று கிடந்தது. அன்று செவ்வாய்க்கிழமை. முந்தின நாள்தான் மொட்டை. சார்ட்டில் என் டிக் மார்க் மை காய்ந்துகூட இருக்கவில்லை.

4. வேர் உள்ளே இருக்கிறது

நான் சரளைமேல் உட்கார்ந்துவிட்டேன். பேபியம்மா சாவகாசமாக நடந்து வந்து பக்கத்தில் குந்தினார்.

"இன்னாத்துக்கு மூஞ்சி தொங்கி பூட்ச்சி? நான் இஸ்தா மேல கீறது தான் பிஞ்சிகினு வரும். வேரு உள்ள தான் கீது. இந்த சனியன எத்தினி தபா புடுங்கினு கீறேன் தெரியுமா? மய பேஞ்சா எய்ந்து வந்துடும்."

களைக்கொத்தால் சரளையைக் கிளறினார். தீக்குச்சி கனத்தில், கட்டை போல ஒரு வேர். அதன் தலையில் பழைய தண்டுகள் அறுந்த தழும்புகள். நான் வெர்னியரை எடுக்கவில்லை. விரலால் தொட்டுப் பார்த்தேன். இறுக்கமாக மண்ணைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஒரு மழையில் முளைத்து ஒரு வெயிலில் போகிற ஜாதி இல்லை அது. வருடக்கணக்காக அங்கேயே குடியிருக்கிற செடி. வாடகைக்கு வந்த நான்தான் அதைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் ஒட்டியிருக்கிறேன்.

சார்ட்டைக் கிழித்தேன். மோகனா தூரத்திலிருந்து பார்த்து, "அப்பாடா, ஒண்ணு ஒழிஞ்சுது" என்றார்.

அந்த வாரக் கடைசியில் சாயங்கால இடிமழை இரண்டு நாள் பெய்தது. மழை விட்ட பன்னிரண்டாம் நாள் தளிர் தெரிந்தது. புரட்டாசியில் ஒருநாள் காலை எட்டரை மணிக்குப் பேபியம்மா என் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டினார். அந்தச் சரளை முழுக்க நீலப் புள்ளிகள். சட்டைப் பித்தானைவிடச் சின்னப் பூக்கள், தட்டையாக, வானத்தைப் பார்த்தபடி.

அடையாளத்தை ஒழுங்காகச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். செடி தரையோடு படுத்திருக்கும், நுனி மட்டும் தலை தூக்கும். தண்டு, இலை எல்லாம் மெல்லிய பட்டு ரோமம். பூ இலையை ஒட்டி உட்காராது. தலைமுடி போன்ற ஒரு காம்பு தனியாகக் கிளம்பி, அதன் நுனியில் இருக்கும். பூ போனபின் அந்தக் காம்பு கீழே வளைந்து, உருண்டைக் காய் ஒன்று தலைகீழாகத் தொங்கும். காய்க்குள் மூன்று நான்கு விதை. தோட்டத்துச் செடிக்கு இலை தடிப்பு, பூ பெரிசு, காம்பு இருப்பதே தெரியாது. நின்றுகொண்டு பார்த்தால் இரண்டும் ஒன்று. குந்திப் பார்த்தால் வேறு. என் முழங்காலுக்கு இந்தத் தொழில் பிடிக்காமல் போனதற்கு இதுவே காரணம்.

5. அன்பால் கொன்றது

ஐப்பசியில் விதை சேர்த்தோம். விதைத்தோல் கெட்டி. அப்படியே போட்டால் முளைக்க மனசு வராது, லேசாகத் தேய்த்துப் போட வேண்டும் என்று டாக்டரம்மா போனில் சொன்னார். தேய்ப்பதா? அது என் ஏரியா. வீட்டிலிருந்து எமரி ஷீட், அதாவது உப்புத்தாள், கொண்டு வந்தேன். இரண்டு ஷீட்டுக்கு நடுவில் விதையை வைத்து, வால்வு சீட்டுக்கு பாலிஷ் போடுவதுபோலத் தேய்த்தேன். பிரித்துப் பார்த்தால் விதை இல்லை, மாவு இருந்தது. "தோசை ஊத்தலாம்" என்றார் பேபியம்மா. அடுத்த தடவை இரண்டே இழுப்போடு நிறுத்தினேன். ஒரு வாரத்தில் முளை வந்தது.

அறுபது கன்றுகளைக் கவருக்கு மாற்றினேன். இனிமேல் இவை என் குழந்தைகள். நல்ல தொழு எரு, மண்புழு உரம், தேங்காய் நார்த்தூள், மேலே நிழல்வலை, காலை மாலை இரண்டு வேளை தண்ணீர். சார்ட் போட்டு டிக் அடித்தேன்.

பதினைந்தே நாளில் இலை மஞ்சளாகி, தண்டு அடியில் கறுத்து, வரிசையாகச் சாய்ந்தன. அறுபதும் காலி. எல்லாவற்றுக்கும் டிக் இருந்தது, செடிதான் இல்லை.

பேபியம்மா ஒரு கவரை எடுத்துப் பிழிந்தார். தண்ணீர் சொட்டியது.

"நைனா, அது கேட்டாண்ட எப்டி கீது? யாராவது தண்ணி ஊத்தனாங்களா? எரு போட்டாங்களா? லாரி ஏறுது, நாய் பொரளுது, நான் புடுங்கறேன். அப்பியும் ஜம்முனு கீது. நீ இன்னாடான்னா மாப்ளை விருந்து வெக்கிற. அதுக்கு செரிக்கல."

"விதையும் தீர்ந்துபோச்சேம்மா."

அவர் இடுப்பிலிருந்து வெற்றிலைப் பையை எடுத்தார். பாக்குக்கு அடியில் காகிதப் பொட்டலம் ஒன்று. பிரித்தால் விதை.

"நீ மாவு அரைச்சியே, அன்னிக்கே பாதிய எட்த்து வெச்சிட்டேன். உன்னிய நம்பி எல்லாத்தியும் குட்க்க முடியுமா?"

இரண்டாவது முறை, கேட்டருகே இருந்த அதே சரளைச் செம்மண்ணைச் சலித்து இரண்டு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு, எரு ஒரு கைப்பிடி மட்டும். நிழல்வலை கிடையாது. தண்ணீர், மேல்மண் காய்ந்து விரலில் ஒட்டாதபோது மட்டும். கார்த்திகை அடைமழையில் மேலே பாலிதீன் ஷீட் பிடிக்க மொபெட்டில் மூன்றுமுறை ஓடிவந்தேன். சில கவர் அழுகின. சிலவற்றை எலி இழுத்தது. தை முடிவில், பூத்த செடிகளாக என் கையில் இருந்தவை தொண்ணூற்று நான்கு.

கேட்டது நூற்றிருபது.

6. இருபத்தாறு

டாக்டரம்மா ஒரு சனிக்கிழமை வந்து பார்ப்பதாகச் சொன்னார். காலையில் அவருக்கு நோயாளிகள் கூட்டம். அதனால் சாயங்காலம் நாலு மணி.

அன்று மத்தியானம் வரிசையைக் கடைசியாகப் பார்க்கப் போனேன். பத்து பத்தாகப் பன்னிரண்டு வரிசை. நூற்றிருபது! எனக்குக் கண் தெரியவில்லையா, கணக்கு தெரியவில்லையா? குந்தினேன். பூவெல்லாம் மூடிவிட்டிருந்தது. விரலை விட்டு ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே போனேன். பத்தாவது வரிசை நடுவில் விரல் நின்றது. இலை தடிப்பு. காம்பு இல்லை. அங்கிருந்து இருபத்தாறும் அப்படியே. ஆவணியில் திரும்பி வந்த தோட்டத்துச் செடிகள், பொடியாகக் கத்தரிக்கப்பட்டு, பழைய லேபிளோடு அடக்கமாக உட்கார்ந்திருந்தன.

மோகனா பின்னால் நின்றிருந்தார்.

"அவங்க சாயங்காலம் தான வராங்க சார். பூ மூடியிருக்கும். தொண்ணூத்தி நாலு நல்லதுக்கு நடுவுல இருபத்தாறு யாருக்குத் தெரியப்போவுது? அப்புறமா மாத்திக் குடுத்துடலாம்."

"மேடம், இது தப்பு செடி."

"நான் ஒண்ணும் புதுசா பொய் சொல்லலையே சார். நீங்க ஒட்டின லேபிள்தான். அதைத்தான் திருப்பி வெச்சிருக்கேன்."

அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நாற்பது வகைச் செடி அவருக்கு ஒரு வருடத்து நிம்மதி. அந்த அரை ஏக்கரைக் கேட்டுவரும் புரோக்கர்களுக்கு அவர் காட்டுகிற ஒரே பதில் அந்த நர்சரிதான். எனக்கோ, இந்த வேலை போனால் மறுபடியும் இட்லி அளக்கும் வேலை.

பேபியம்மா தொட்டி கழுவிக்கொண்டே சொன்னார்: "நான் வாயத் தொறக்க மாட்டேன்மா. ஆனா அந்த டாக்டரம்மா என்னாண்ட கேட்டுச்சின்னா எனுக்கு பொய் வராது. சிரிப்பு வந்துடும்."

நாலு மணிக்கு ஸ்கூட்டர் வந்தது. டாக்டரம்மா வரிசைகளைச் சுற்றி நடந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"பூவே இல்லையே. எதை வெச்சு ஒத்துக்கறது?"

மோகனா என்னைப் பார்த்தார். நான் டாக்டரம்மாவைப் பார்த்தேன். சட்டைப்பைக்குள் கை போய் வெர்னியரைத் தொட்டுவிட்டு வெறுமனே திரும்பியது.

"மேடம், லாட்டுல தொண்ணூத்தி நாலு பாஸ். இருபத்தாறு ரிஜெக்ட். பத்தாவது வரிசை பாதியிலேர்ந்து கடைசி வரைக்கும் அந்தப் பழைய செடி. நம்பர் காட்ட வெச்சது. மன்னிக்கணும்."

பேபியம்மா குழாயை மூடினார். அதுவரை தண்ணீர் ஓடிக்கொண்டிருந்ததே அப்போதுதான் எனக்குக் கேட்டது.

டாக்டரம்மா என்னைக் கூர்ந்து பார்த்தார். "பூ இல்லாம உங்களால பிரிச்சுச் சொல்ல முடியுமா? போன தடவை பூவோட இருந்தப்பவே முடியலையே."

"இப்ப முடியும் மேடம்."

"கண்ணை மூடுங்க."

மூடினேன். அவர் வரிசையில் அங்கொன்றும் இங்கொன்றுமாக எடுத்து என் கையில் கொடுத்தார். இலை, தண்டு, பிறகு காம்பு. நூல்போல ஒன்று விரலில் தட்டுப்பட்டு, நுனியில் காய் தொங்கினால் "பாஸ்". இல்லையென்றால் "ரிஜெக்ட்". எட்டு செடி சரியாகச் சொன்னேன். ஒன்பதாவதாக ஏதோ நீளமாக, விறைப்பாக வந்தது. தடவித் தடவிப் பார்த்தேன். இலையே இல்லை.

"மேடம், இது... காய்ஞ்சு போன செடியா?"

"தொடப்பம் நைனா" என்றது பேபியம்மாவின் குரல்.

கண்ணைத் திறந்தேன். டாக்டரம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மோகனா சிரிக்கவில்லை.

நான் கேட்டருகே சரளையில் ஒரு செடியைத் தோண்டி எடுத்து மண்ணை உதிர்த்து, கட்டை வேரையும் காட்டினேன். டாக்டரம்மா அதை வாங்கி நகத்தால் கீறிப் பார்த்தார்.

"தொண்ணூத்தி நாலையும் ஏத்துங்க. மிச்சம் பங்குனியில குடுங்க, போதும்" என்றார். பிறகு மோகனா பக்கம் திரும்பினார். "அம்மா, இந்தப் பூ எப்ப மூடும்னு எனக்குத் தெரியாதா? நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு என் தோட்டத்துல குந்தி ஒவ்வொண்ணா பார்க்கறதாதான் இருந்தேன். இருபத்தாறு அங்க மாட்டியிருந்தா, அத்தனையும் திரும்பி வந்திருக்கும். மீதி வகைக்கு லிஸ்ட் திங்கக்கிழமை அனுப்பறேன்."

வண்டி போனது. இந்த முறை திரும்பி வரவில்லை.

மோகனா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. "என் கடையில என்னைக் கேக்காம ரிஜெக்ட் பண்ணிட்டார்" என்று பேபியம்மாவிடம் சொன்னாராம். நியாயமான புகார். நானும் முன்னாடியே அவரிடம் சொல்லிவிட்டுச் செய்திருக்கலாம். தைரியம் அந்த நேரத்தில்தான் வந்தது, என்ன செய்ய? மூன்றாம் நாள் லிஸ்ட் வந்தது. என் மேஜைக்கு ஒரு டீயும் வந்தது. டீக்குள் சர்க்கரை கொஞ்சம் குறைவாகவே இருந்தது.

7. கேட்டருகே

வெர்னியர் இப்போது ஆபீஸ் டிராயரில் இருக்கிறது. பார்சல் கயிற்று முடிச்சை நெம்ப உதவுகிறது.

இருபத்தெட்டு வருடம் பொருளை எனக்கு வசதியான நேரத்தில் பார்த்தே பழகியவன் நான். இரும்பு வால்வு மத்தியானம் இரண்டு மணிக்கும் வால்வுதான். செடி அப்படி இல்லை. அதற்கு வசதியான நேரத்துக்கு நாம் போக வேண்டும், அது இருக்கிற உயரத்துக்குக் குனிய வேண்டும், அது சாப்பிடுகிறதைத்தான் போட வேண்டும். அளவெடுப்பது அதற்கப்புறம். புதிதாக வருகிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: நர்சரியில் சேர்ந்த முதல் வாரம் லேபிள் அடிக்காதீர்கள். களை எடுக்கிறவர் பின்னால் போய், அவர் எதையெல்லாம் குப்பையில் போடுகிறார் என்று பாருங்கள்.

கேட்டருகே இருக்கும் சரளையை நாங்கள் இப்போது தொடுவதில்லை. சாயங்காலம் கார் நிறுத்தி இறங்குகிற வாடிக்கையாளர்கள் முகம் சுளிப்பார்கள். போன வாரம்கூட ஒருவர் கேட்டார்: "என்னங்க, செடி விக்கிற கடை, வாசல்லயே இவ்ளோ களை. ஆள் வெச்சு எடுக்கக் கூடாதா?"

நான் விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். எடுக்கிற ஆள் முந்திக்கொண்டார்.

"காலைல வா நைனா" என்றார் பேபியம்மா. "வந்து குந்திப் பாரு."